கம்பியில்லா இணைப்புகளில் எர்த்தும் சக்தியும்

தகவல் தொடர்புத் துறையில் பெங்களூரு நகரின் பங்கு நெடுநாளையது. 1948ஆம் ஆண்டில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954ஆம் ஆண்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இங்கு நிறுவப்பட்டன. இன்று இந்நகரின் மாடிகள் பலவற்றில், கட்டடத்திற்குக் கட்டடம் செய்தி கொண்டு செல்லும் ரேடியோ இணைப்புக் கருவிகளைக் காணலாம். இவற்றை நிறுவும் ஊழியர் இரண்டு வேலைகளைச் செவ்வனே முடித்தல் வேண்டும். ஒன்று, கம்பத்தையும் கருவியையும் பூமியோடு இணைப்பது. மற்றொன்று, அனுப்பும் சக்தியை அளவோடு அமைப்பது. முன்னதில் பிழை நேரின் உயிருக்கே அபாயம். பின்னதில் பிழை நேரின் அண்டை இணைப்புகளுக்கு இடையூறு.

மண்ணின் இயல்பு

பெங்களூருவில் செம்மண்ணுக்கு அடியில் நைஸ் என்னும் கடும்பாறை உள்ளது. லால்பாக் தோட்டத்தில் வெளிப்பட்டு நிற்கும் குன்று இவ்வகையினதே; அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பாறையும் உலர்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. மண் வெயிலில் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கோடை இடிமழையும் பெய்கிறது. எர்த் மிகவும் தேவைப்படும் காலமே அது மிகவும் வலுவிழந்திருக்கும் காலமாகும். ஆகவே மழைக்காலத்தில் அளந்து திருப்தியடைதல் போதாது. ஆண்டுதோறும் கோடையில் எர்த் தடையை அளந்து பதிவேட்டில் குறித்தல் வேண்டும். பாறை குறுக்கிட்டு ஆழமாகக் குழி தோண்ட இயலாவிடில், பல மின்முனைகளை இடைவெளிவிட்டுப் பதித்து, உலோகப் பட்டையால் ஒன்றாகப் பிணைக்கலாம். இதற்குரிய நெறிகளை ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பில் காணலாம்.

தனித்தனி எர்த் தகாது

கம்பத்திற்கு ஓர் எர்த், கருவிக்கு மற்றோர் எர்த் எனத் தனித்தனியே அமைப்பது பாதுகாப்பானது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. மின்னலில் 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வது இயல்பு. எர்த் தடை 10 ஓம் எனின், அவ்வேளையில் கம்பத்தின் மின்னழுத்தம் 3 லட்சம் வோல்ட் வரை உயரும். கருவியின் எர்த் தனியே இருப்பின், இவ்வளவு வேற்றுமையும் கேபிள் வழியே அறைக்குள் பாயும். எல்லா எர்த்துகளும் இணைந்திருப்பின், ஏரியில் நீர் ஏறும்போது படகுகள் யாவும் ஒருங்கே உயர்வதுபோல, அனைத்தும் சேர்ந்தே உயர்ந்து தாழும். எனவே கம்பம், கேபிளின் உலோக உறை, கேபிள் கட்டடத்தினுள் நுழையும் இடத்திலுள்ள மின்னல் தடுப்பான், கட்டடத்தின் இடிதாங்கி, மின்சார எர்த் ஆகிய எல்லாவற்றையும் பிணைத்தல் வேண்டும். பிணைக்கும் கம்பி குறுகியதாகவும் நேராகவும் இருத்தல் அவசியம். மிஞ்சிய கம்பியைச் சுருட்டி வைப்பது மின்னலின் வழியை அடைப்பதாகும். இடியோசை கேட்டபின் எவரும் கம்பத்தில் ஏறலாகாது.

சக்தியின் கணக்கு

ஏரியல் புதிதாகச் சக்தியைப் படைப்பதில்லை. விளக்கின் பின்னுள்ள குழியாடி ஒளியைக் குவிப்பதுபோல, அது அலைகளை ஒரு திசையில் குவிக்கிறது. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்த 2005ஆம் ஆண்டு விதிகள், கருவியின் சக்திக்கு 1 வாட் என்றும், ஏரியலின் குவிப்பையும் சேர்த்த சக்திக்கு 4 வாட் என்றும் வரம்பிட்டன. இவ்விரண்டாம் வரம்பே பலரால் மறக்கப்படுவது. நூறு மடங்கு குவிக்கும் ஏரியலுக்கு 1 வாட் அளித்தால் 100 வாட் ஆகிவிடும். இது வரம்பைப்போல் 25 மடங்கு. 40 மில்லிவாட் அளித்தாலே 4 வாட் கிட்டும். ஆசிரியர்கள் இப்பெருக்கல் கணக்கை வகுப்பிலும் விளக்கலாம்.

இத்தனை குறைந்த சக்தி போதுமா என்னும் ஐயம் எழலாம். தடையற்ற 5 கிலோமீட்டர் தொலைவில், அதேபோன்ற ஏரியலைக் கொண்ட மறுமுனைக்கு, ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு வந்து சேரும். அதில் நூற்றில் ஒரு பங்கைக் கொண்டே குறைந்த வேகத்தில் செய்தியைப் பெற வல்ல கருவிகள் உண்டு.

ஆகவே ஏரியலைப் பொருத்தியபின், மிகக் குறைந்த சக்தியில் கருவியை இயக்கி, முதலில் திசையைச் செம்மைப்படுத்துக. வந்து சேரும் அளவு கணக்கிட்டதைவிட மிகக் குறைவாயின், திசையையும் கேபிளையும் இணைப்பான்களையும் சோதித்து, வழியில் மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்று காண்க. சக்தியைக் கூட்டுவது குறையை மறைக்குமேயன்றி நீக்காது. ஏரியலின்றிக் கருவியை இயக்கினால் கருவி பழுதடையக்கூடும். இயங்கும் ஏரியலின் முன்னே நிற்றலும் ஆகாது. எர்த்தைக் கோடையில் அளப்பவரும், சக்தியைக் கணக்கிட்டு அமைப்பவரும் தம்மையும் அண்டையாரையும் ஒருங்கே காப்பவராவர்.