மணலில் பறக்கும் பக்கி... மிதித்தால் நிற்குமா?

நம்மூரில் யாரையாவது 'பக்கி' என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் அதே சொல்லைக் கேட்டால் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். அங்கே 'டியூன் பக்கி' என்பது மணல்மேடுகளில் ஏறி இறங்குவதற்கென்றே உருவான குட்டி வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை. முன்னால் சின்ன டயர், பின்னால் பெருத்த டயர். எஞ்சின் பின்பக்கம் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கும்.

இந்த வண்டியின் வேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் உண்டு. ஆனால், ஐம்பது, அறுபது வயதான பழைய பக்கி ஒன்றை ஆசையாக வாங்கி வருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிதித்தால் நிற்குமா? நிற்காவிட்டால், மாற்றிப் போட வேண்டிய பாகத்தை எங்கே போய்த் தேடுவது?

இரண்டு கேள்விகளுக்குமான பதில், அந்த வண்டி பிறந்த கதையிலேயே இருக்கிறது.

படகு கட்டியவர் செய்த கார்

புரூஸ் மேயர்ஸ் கார் கம்பெனி முதலாளி அல்ல. கடலலையில் சறுக்கி விளையாடுபவர். ஃபைபர் கிளாஸில் படகு செய்யத் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1945-ல் 'பங்கர் ஹில்' என்ற அமெரிக்கக் கப்பலின் மீது ஜப்பானிய விமானங்கள் மோதியபோது அதில் இருந்து உயிர் தப்பியவர். 1964-ல் படகு செய்யும் அதே முறையில் ஒரு காருக்கான உடலை வார்த்தெடுத்தார். அதற்குள் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சக்கரங்களையும் பொருத்தினார். 'மேயர்ஸ் மேங்க்ஸ்' பிறந்தது.

முதலில் செய்த சில வண்டிகளுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. எனவே எளிய வழிக்கு மாறினார். பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, உடலைக் கழற்றிவிட்டு, அடித்தளத்தில் சுமார் 14 அங்குலத்தை வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதன்மேல் ஃபைபர் உடலைக் கவிழ்த்தால் பக்கி தயார். இதை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம்.

1967-ல் மேயர்ஸும் அவருடைய நண்பர் டெட் மேங்கல்ஸும் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில், லா பாஸிலிருந்து டிஹுவானா வரை இந்த வண்டியை ஓட்டினார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 34 மணி 45 நிமிடம். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் செய்திருந்த சாதனையைவிட இது ஐந்து மணி நேரம் குறைவு. அதே ஆண்டு அங்கே முறையான பந்தயமும் தொடங்கியது. அதில் ஜெயித்ததும் மேங்க்ஸ்தான்.

புகழ் வந்ததும் நகல்களும் வந்தன. மேயர்ஸ் தன் காப்புரிமைக்காக வழக்குப் போட்டுத் தோற்றார். அவருடைய கம்பெனி ஏறக்குறைய 6,000 வண்டிகளுக்கான உடல்களைச் செய்துவிட்டு 1971-ல் மூடப்பட்டது. மற்றவர்கள் செய்த நகல்களோ அதைப்போலப் பல மடங்கு. 2021-ல், 94 வயதில் மேயர்ஸ் காலமானபோது, அவருடைய கற்பனையில் பிறந்த வண்டிகள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் ஜாதகம்... பிறகு கடை!

உதிரி பாகச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடைக்குப் போனால் 'எந்த வருஷ மாடல்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கிக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அடித்தளம் 1962 காருடையதாக இருக்கும். முன் அச்சு 1966, கியர் பாக்ஸ் 1970 என்று ஆளுக்கொரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் வருஷம் அடித்தளத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

அதனால் பாகம் வாங்குவதற்கு முன் வண்டிக்கு ஜாதகம் எழுத வேண்டும். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு.

சக்கரத்தில் ஐந்து போல்ட் என்றால், அந்த டிரம் அமெரிக்காவில் விற்ற 1967 வரையிலான பீட்டிலுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1968 மாடல் முதல் நான்கு போல்ட். முன் அச்சில் பழைய வகை 'லிங்க் பின்'. 1966 மாடலிலிருந்து 'பால் ஜாயின்ட்'. இந்த இரண்டுக்கும் பிரேக் பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராது. முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை இருப்பதும் சகஜம். எனவே, நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்து, அளந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

இரண்டாவது உதவி, பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண். ஃபோக்ஸ்வாகன் அந்தக் காலத்தில் ஒன்பது இலக்க எண் முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் எந்த வகை வண்டிக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும். 111, 113 என்றால் பீட்டில், 141 என்றால் கார்மன் கியா, 211 என்றால் வேன், 311 என்றால் 'டைப் 3' கார். நடுவில் இருக்கும் மூன்று இலக்கங்கள் வண்டியின் எந்தப் பகுதி என்று சொல்லும். அது 6-ல் தொடங்கினால் சக்கரம், பிரேக் சம்பந்தப்பட்டது. துரு ஏறிய பாகத்தைத் துடைத்து இந்த எண்ணைப் படித்துவிட்டால், பாதித் தேடல் முடிந்துவிடும்.

பீட்டில் உற்பத்தி 2003 ஜூலையில் மெக்ஸிகோவில் முடிவுக்கு வந்தது. ஆனால், அதுவரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓடியிருப்பதால், பாகங்களுக்குப் பஞ்சமில்லை. லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் போன்ற தேய்கிற பொருள்களைப் பல கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்கின்றன. அச்சு, கை நெம்பு போன்ற கனமான பாகங்களைப் பழைய கார்களை உடைக்கும் இடங்களில் தேடுகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, அப்படி.

ஒரு கட்டுப்பாடு உண்டு. உடைந்த காரிலிருந்து டிரம்மையோ டிஸ்க்கையோ வாங்கினால் தேய்மானத்தை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும், அதாவது ஹோஸ், சிலிண்டர் கிட் போன்றவற்றை, பழையதாக வாங்கவே கூடாது.

பீட்டிலுக்கென்று விற்கும் எல்லாமே பக்கிக்குச் சேராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அடித்தளம் 14 அங்குலம் குட்டையாகிவிட்டதே! ஹேண்ட் பிரேக் கேபிளைப் பீட்டில் அளவில் வாங்கினால் அத்தனை அங்குலம் தொங்கும். குட்டையான அடித்தளத்துக்கென்றே தனி அளவில் விற்கும் கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது

பிரேக் சரியில்லை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம்' என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டர்.

அமெரிக்காவில் விற்ற பீட்டில்களில் 1966 மாடல் வரை ஒற்றைச் சுற்று பிரேக்தான். அதாவது, பெடலை மிதித்தால் ஒரே குழாய் வழியாகத்தான் நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் அழுத்தம் போகும். ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். மிதித்த கால் நேராகத் தரையைத் தொடும். 1967 மாடலில் இரட்டைச் சுற்று வந்தது. முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

பழைய அடித்தளத்தில் கட்டிய பக்கியில் இன்னமும் ஒற்றைச் சுற்று இருந்தால், அதை இரட்டையாக மாற்றுவதே முதல் முன்னேற்றம். பளபளக்கும் டிஸ்க்கை எட்ட நின்று பார்ப்பவர்கள்கூடப் பாராட்டுவார்கள். இந்த மாற்றத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் உயிரைக் காப்பது இதுதான்.

கூடவே எல்லா ஹோஸ்களையும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏறிய ஆயில், சூடானதும் ஆவிக்குமிழி விடும். இரும்புக் குழாயை உள்ளிருந்து துரு பிடிக்கவும் வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டையும் மறந்துவிடக் கூடாது. 36 மி.மீ. அளவுள்ள இந்த நட்டை, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு கிடைக்குமோ, அந்த அளவுக்கு இறுக்கச் சொல்கிறது ஃபோக்ஸ்வாகன். ஏனோதானோவென்று இறுக்கினால், அச்சின் பல்லும் டிரம்மின் பல்லும் தேயும். ஒரு நாள் அச்சு ஒரு பக்கமும் டிரம் ஒரு பக்கமும் சுற்றும். அந்தச் சக்கரத்தில் பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். எத்தனை புது லைனிங் போட்டும் பயனில்லை.

பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு.

முன்னால் கூட்டினால் போதுமா?

டிரம் பிரேக்குக்குப் பெரிய எதிரிகள் மணலும் தண்ணீரும். மூடிய பானைக்குள் விழுந்த மணல்போல, உள்ளே போனது வெளியே வராது. லைனிங்கை அரைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் திறந்திருப்பதால் சுற்றும்போதே மணலையும் நீரையும் உதறிவிடும். அந்த வகையில் பக்கிக்கு டிஸ்க் நல்ல துணைதான்.

பால் ஜாயின்ட் அச்சு இருந்தால் வேலை சுலபம். 1967 மாடல் முதல் கார்மன் கியாவில் வந்த முன் டிஸ்க் பாகங்கள் அதில் நன்றாகப் பொருந்தும். லிங்க் பின் அச்சு என்றால், கேலிப்பரைத் தாங்கும் தனி பிராக்கெட்டோடு வரும் கிட் வாங்க வேண்டும்.

ஆனால், சாதாரண காருக்குப் பொருந்தும் கணக்கு பக்கிக்குப் பொருந்தாது. பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை இன்னும் முன்னால் சாயும். அதனால் முன் பிரேக்கில் பலம் கூட்டுகிறார்கள். பக்கியிலோ எஞ்சினும் கியர் பாக்ஸும் பின்னால். கனமான இரும்பு உடலைக் கழற்றிவிட்டதால் மூக்கு காற்றாக இருக்கிறது. இந்த நிலையில் முன்னால் மட்டும் பலமான டிஸ்க் போட்டால், மிதித்த உடனே முன் சக்கரங்கள் சுற்றாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. திருப்பினாலும் வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டே போகும்.

அதே நேரத்தில், பின்னால் போட்ட பெரிய டயர் இன்னொரு சிக்கல். டயரின் விட்டம் கூடக் கூட, அதை நிறுத்த அதிகப் பலம் தேவை. அதனால் பக்கியில் பின் பிரேக்கைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டியிருக்கிறது. இதற்குச் செலவு குறைந்த வழி, அகலமான ஷூ உள்ள 'டைப் 3' காரின் பின் டிரம்மைத் தேடிப் போடுவது. பின்னாலும் டிஸ்க் போட நினைப்பவர்கள், அந்த கிட்டில் ஹேண்ட் பிரேக் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பலவற்றில் இருக்காது. அதற்காகப் பின்னால் அளவு மீறியும் போகக் கூடாது. பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டி பம்பரம்போலச் சுழன்றுவிடும்.

மாஸ்டர் சிலிண்டரும் புது அமைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர், பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடேறிவிடும்.

எல்லாம் பொருத்திய பின் குழாயிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, பக்கத்துச் சக்கரத்தில் முடிப்பது முறை. பெடல் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஆளில்லாத சமதளத்தில், மெதுவான வேகத்தில் தொடங்கி, பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வெளியே ஒருவர் நின்று கவனிப்பது அவசியம்.

பாஹாவிலிருந்து பீதம்பூர் வரை

பாஹா என்ற பெயர் நம் பொறியியல் மாணவர்களுக்குப் புதிதல்ல. கல்லூரி மாணவர்களே பக்கி செய்து ஓட்டும் 'பாஹா' போட்டி இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் அதற்குப் பெயர்போன களம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்தும் அணிகள் போகின்றன.

அங்கே எஞ்சின் எவ்வளவு சீறினாலும், முதலில் ஒரு சோதனையைத் தாண்ட வேண்டும். வேகமாக வந்து பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் இறுகி வண்டி நிற்க வேண்டும். இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கட்டாயம். இதில் தேறாத வண்டிக்குப் பந்தயத்தில் இடமில்லை. மாதக்கணக்கில் இரவு பகலாக உழைத்த மாணவர்களுக்கு இது கடினமான விதிதான். ஆனால், நியாயமான விதி.

வீட்டுக் கொட்டகையில் பழைய பக்கிக்கு உயிர் கொடுப்பவரைத் தடுத்து நிறுத்த அப்படி ஒரு பரிசோதகர் கிடையாது. அந்தப் பொறுப்பும் அவருடையதே. பெயின்ட் பிறகு அடித்துக்கொள்ளலாம், எஞ்சினைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். மிதித்தால் நிற்கிறது என்று உறுதியான பிறகே, பக்கத்து சீட்டில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்.