நிர்வாகத் தரப்பு வக்கீல்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் சட்டம் பயில்வது இன்று அபூர்வமன்று. அவர்களுட் சிலர், தொழில் தகராறுகளில் நிர்வாகத்தின் சார்பில் வாதிடும் துறையை மேற்கொள்கின்றனர். "ஏழையின் வயிற்றில் அடிக்கிற வேலைதானே?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர்களாதலின், இக்கேள்வியை அற்பமெனத் தள்ளிவிடலாகாது. அத்தொழிலின் இயல்பைச் சிறிது ஆராய்ந்து விடை காண்போம்.

முதலில் ஒரு விந்தை. ஏனைய நீதிமன்றங்களில் வக்கீல் உரிமையோடு நுழைகிறார். தொழில் தீர்ப்பாயத்திலோ அனுமதி பெற்றே நுழைய வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், சமரசப் பேச்சில் வக்கீல் தோன்றுவதை அறவே விலக்கியது. தீர்ப்பாயத்தின் முன்பும், எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் இசைவும் இருந்தாலொழிய அவர் வாதிட இயலாது என்று விதித்தது. பணபலமுள்ள நிர்வாகம் பெரிய வக்கீல்களை அமர்த்தித் தொழிலாளியைத் திணறடித்துவிடலாகாது என்பதே கருத்து. 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தடையை நிலைநிறுத்தியது. ஆயினும் முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக இருப்பவர், சட்டம் பயின்றவர் என்ற காரணத்தாலேயே விலக்கப்படார் என்றும் விளக்கிற்று. 21-11-2025 அன்று, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சம்மதம், இசைவு என்ற நிபந்தனைகள் அதிலும் நீடிக்கின்றன. ஆகவே எதிர்த்தரப்பின் மதிப்பைப் பெறாத வக்கீலுக்கு வாயிற்படியே தடையாகலாம்.

இவ்வழக்குகளின் முடிவு பெரும்பாலும் தீர்ப்பாயத்தில் அன்று, ஆலையிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. ஒருவரை வேலையினின்று நீக்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். பதில் கூற அவகாசம் அளிக்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். விசாரிப்பவர் நடுநிலை பிறழாதவராக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் முன்னர், நல்லெண்ணமின்மை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், ஆதாரமற்ற முடிவு போன்ற காரணங்கள் இருந்தால்தான் தீர்ப்பாயம் தலையிடலாம் என்று வரையறுத்தது. 1971-இன் இறுதியில் வந்த திருத்தம், தண்டனை குற்றத்திற்கு மிஞ்சியதா என்று பார்த்து அதைக் குறைக்கும் அதிகாரத்தையும் தீர்ப்பாயத்திற்கு வழங்கியது.

உதாரணமாக, இருபது ஆண்டு அப்பழுக்கின்றி உழைத்த காவலாளி ஒருவர், ஓர் இரவு கண்ணயர்ந்தமைக்காக நீக்கப்படுகிறார் எனக் கொள்வோம். கட்சிக்காரரின் மனம் குளிர, "வென்றுவிடலாம்" என்று சொல்லிக் கட்டணம் பெறுவது எளிது. "தண்டனை மிகை, திரும்ப எடுத்துக்கொண்டு கண்டியுங்கள்" என்று சொல்வதே நல்ல வக்கீலுக்கு அழகு. அச்சொல் காவலாளியின் அடுப்பை எரியச் செய்கிறது. முதலாளிக்கும் நஷ்டத்தைத் தவிர்க்கிறது. திரும்ப வேலை கொடுக்குமாறு தீர்ப்பாகி, நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்றால், வழக்கு முடியும்வரை கடைசியாகப் பெற்ற சம்பளத்தைத் தர வேண்டும் என்ற விதி 1984-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வழக்கை இழுத்தடிப்பது யாருக்கும் லாபமன்று.

பதிவேடுகளும் ஒரு சோதனையே. ஓராண்டில் 240 நாள் உழைத்தவரை ஆட்குறைப்பில் விலக்கினால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் உண்டு. அந்த நாட்கணக்கைக் காட்டும் வருகைப் பதிவேடு நிர்வாகத்தின் அலமாரியில்தான் இருக்கிறது. அதை மறைக்கத் துணை போகிற வக்கீல், பெரியவர்களின் ஏச்சுக்கு உரியவரே.

ஆனால் முதலாளி என்போர் அனைவரும் கோடீசுவரர் அல்லர். நான்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு கடனில் நடத்துவோரும் உளர். மேற்பார்வையாளரைத் தாக்கியவர், பயணியிடம் பணம் பெற்றுச் சீட்டுத் தராத கண்டக்டர் ஆகியோரின் வழக்குகளும் தீர்ப்பாயத்திற்கு வருகின்றன. தொகை சிறிதாயினும் நம்பிக்கை போனமை பெரிதே என்று உச்ச நீதிமன்றம் பன்முறை கூறியுள்ளது. இங்கெல்லாம் நிர்வாகத்தின் நியாயத்தை எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டு வழங்கும் தீர்ப்பு நிலைபெறாது.

ஆகவே இத்துறையில் புகும் நம் இளைஞர்களைத் தடுக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தில் திறமையாக வாதிடக் கற்பதற்கு முன், தம் அறையில் கட்சிக்காரருக்குக் கசப்பான உண்மையைக் கூறக் கற்குமாறு அவர்களை வேண்டுவோம். தொழிலாளராயுள்ள அன்பர்களும் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துவார்களாக. எதிரே நிற்பவர் எத்தகைய வக்கீலாயினும், அத்தாள்கள் அவர்களுக்காகப் பேசும்.