கவனிக்கப்படாத பயணச் சான்றுகள்

கிருஷ்ணகிரி நகருக்கு இன்று ரயில் இல்லை. திருப்பத்தூரிலிருந்து 1905-இல் வந்த குறுகிய இருப்புப்பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் மூடப்பட்டது. ஆண்டுகள் ஆவணங்களில் உள்ளன. அதில் சென்றவர்களின் அன்றாடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

ஓசூர் – பெங்களூரு ரயிலுக்கும் அந்நிலை நேரக் கூடாது. ஓசூரில் தமிழில் தொடங்கும் பெயர்ப்பலகை, ஆனேக்கல் ரோட்டில் கன்னடத்தில் தொடங்குகிறது. ஜன்னலோரக் கொக்கியில் தொங்கும் சாப்பாட்டுப் பை, இரவுப் பணி முடித்தவரின் கழுத்திலுள்ள அடையாள அட்டை, இருக்கைக்கடியில் பூமூட்டை: வேலைக்காக மாநில எல்லையைக் கடக்கும் வாழ்க்கையின் சான்றுகள் இவை. உற்பத்தியையும் ஊதியத்தையும் எண்களில் தேடிய என் போன்ற பொருளியல் ஆசிரியர்கள் இவற்றைப் பார்க்கத் தவறினோம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ், 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில் பயணிகளை ஒளித்துவைத்த கேமராவால் படமெடுத்தார். 1966-இல் அவை நூலாயின. அனுமதியின்றி முகங்களை எடுப்பது இன்று முறையாகாது. பொருள்களே போதும், கைப்பேசியே போதும். ஆனால், தேதி, நேரம், நிலையம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். குறிப்பற்ற படம் எடுத்தவரின் நினைவோடு முடிந்துவிடும். குறிப்புள்ள படம் நாளைய ஆய்வாளருக்குச் சான்றாகும்.