சோற்றுக்கு வடலூர்... உறக்கத்துக்கு?

இரவு பதினோரு மணிக்கு மேல் சிதம்பரம் ரயில் நிலையத்திலோ கடலூர் பேருந்து நிலையத்திலோ சற்று நேரம் நின்று பாருங்கள். வீடில்லாத ஆண், துண்டை விரித்த இடத்தில் தூங்கிப்போவார். பெண் தூங்கமாட்டார். வெளிச்சம் விழும் இடமாகத் தேடி, டீக்கடைக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். துணிப்பை மடியில் இருக்கும். அதன் வாரைக் கையில் சுற்றியிருப்பார். துணைக்கு இன்னொரு பெண் இருந்தால் முறை வைத்துக் கண்ணயர்வார்கள்.

அவர்களுடைய தூக்கமெல்லாம் பகலில்தான். கோயில் மதிலோர நிழலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில். "பட்டப்பகல்ல குடிச்சிட்டு விழுந்து கிடக்குது பாரு" என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகும் பெண், முந்தைய இரவு முழுக்கக் கண் விழித்தவராக இருக்கலாம். குடித்தும் இருக்கலாம். இரவு முழுக்கப் பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கட்டிங் என்பது சில நேரம் தூக்க மாத்திரை.

பசித்தவருக்குச் சோறு போடக் கடலூர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே சாதி, மதம் கேட்பதில்லை. எப்படி இந்த நிலைமைக்கு வந்தாய் என்றும் கேட்பதில்லை. பசிதான் தகுதி.

படுக்க இடம் கேட்டால் மட்டும் கேள்விகள் வரிசையாக வரும். எந்த ஊரு? வீட்டுக்காரர் எங்க? ஆதார் இருக்கா? குடிச்சிருக்கியா? முதல் மூன்றுக்கும் எப்படியோ பதில் சொல்லி மன்றாடிப் பார்க்கலாம். நான்காவதில் கதவு சாத்திக்கொள்ளும்.

கணக்கில் வராதவர்

குடிக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம், பெண்களில் 0.3 சதவீதம். பெண்கள் விஷயத்தில் பிரச்சினையே இல்லை என்று இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையத் தோன்றும். ஆனால் அது வீடு வீடாகப் போய் எடுக்கும் ஆய்வு. வீடே இல்லாதவரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. வீட்டில் இருப்பவரும் மாமியார் காதில் விழும்படி "நான் குடிப்பேன்" என்று சொல்லப்போவதில்லை.

அதே ஆய்வில் இன்னோர் எண்: மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். வீதிக்கு வரும் பாதை பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது. கடலூர் இன்னொரு வகையிலும் வசமாக மாட்டிக்கொண்ட ஊர். ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் சற்று தூரத்தில் புதுச்சேரி எல்லை. அங்கே வரி குறைவு, சரக்கு மலிவு. கணவனின் கூலி எல்லையைத் தாண்டிப் போகும். குழு லோனுக்கான வாரத் தவணை மட்டும் தவறாமல் மனைவியின் வாசலில் வந்து நிற்கும். ஒரு வாரம் அடி, ஒரு வாரம் கடன், பிறகு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீடு. அங்கும் அண்ணன் மனைவியின் முகம் மாறும்போது, கடைசியாக மிஞ்சுவது பேருந்து நிலையம்.

குடி எல்லாப் பெண்களுக்கும் கணவன் வழியாக மட்டும் வருவதில்லை. மீன் கூடை சுமக்கும் கழுத்து, முந்திரி உடைத்துத் தோல் உரிந்த விரல், விடியுமுன் சாக்கடை அள்ளும் முதுகு, இவையெல்லாம் சாயங்காலம் வலிக்கும். வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை, பிறகு ஒரு பொட்டலம் ஹான்ஸ், பிறகு பங்கு போட்டு வாங்கும் குவார்ட்டர். இதில் எந்தப் படியிலும் 'இன்று முதல் நான் அடிமை' என்று எழுதியிருப்பதில்லை.

2024 ஜூன் மாதம், கடலூரும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காட்டுச் சீமையிலேயே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். செய்திகளில் அவர்கள் ஒரு வரியில் வந்து போனார்கள். "பொம்பளையுமா குடிச்சா?" என்ற வியப்பைத் தாண்டி, அந்தப் பெண்களுக்குச் சிகிச்சை எங்கே கிடைத்திருக்கும் என்ற கேள்விக்கு நாம் போகவே இல்லை.

'நிறுத்து' என்றால் நின்றுவிடாது

ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மதுவின் அளவு கூடுதலாக ஏறும். உடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பது முக்கியக் காரணம். அதனால் குடிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, ஆணைவிட வேகமாக ஈரல் கெடுகிறது. வெட்கத்தால் மருத்துவமனைக்கு அவர் வருவதோ தாமதமாக.

பல வருடம் தினமும் குடித்தவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டி "இனி தொடாதே" என்றால் அது திருத்தம் ஆகாது, ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மருந்தும் தையமின் ஊசியும் கொடுத்து ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டம் அது. குடித்துவிட்டு வந்தவரை 'நிறுத்திவிட்டு வா' என்று விடுதி திருப்பி அனுப்புவது, வலிப்பைத் தெருவில் வைத்துக்கொள் என்று சொல்வதுதான்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எந்தச் சிகிச்சையாவது பெறுகிறார் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண். போதை மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. கையில் குழந்தையோடு வருபவரைச் சேர்ப்பதற்கு அங்கே வழி இருப்பது அபூர்வம்.

ஐந்து நாளுக்குப் பிறகு

அரசின் கதவுகள் இல்லாமல் இல்லை. மகளிர் உதவி எண் 181க்கு அழைத்தால் மாவட்டத்தின் சகி மையத்தில் இடம் கிடைக்கும். மருத்துவம், காவல், சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் அங்கே தற்காலிகமாகத் தங்க விதி அனுமதிப்பது ஐந்து நாள். கடலூரில் சமூகநலத் துறையின் அரசு சேவை இல்லம் இருக்கிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் தங்கிப் படித்து, வேலைக்குப் போய் நிமிர வழிசெய்த இடம். ஆனால் பாடப் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடிகிறவருக்கான இல்லம் அது. கை நடுங்குகிறவருக்கு அதற்கு முன்னால் ஒரு படி வேண்டும்.

அந்தப் படியைத் தனியார் கட்டட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து, வீடில்லாதவர்களும் மனநலம் குன்றியவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டதும், அங்கே பெண்கள் மீது வன்கொடுமை நடந்ததாக எழுந்த புகார்களை சி.பி.சி.ஐ.டி. விசாரித்ததும் நினைவிருக்கும். உள்ளே போக மட்டும் திறந்து, வெளியே வரத் திறக்காத கதவு தெருவைவிட மோசம்.

மனநலம் குன்றி அலைபவரைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை. சிறைக் கொட்டடியில் வைக்கக்கூடாது. "ஏம்மா, எந்திரி, இங்க படுக்கக்கூடாது" என்று அடுத்த ஊர் எல்லைக்கு விரட்டிவிடுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

படுக்கைதான் முகவரி

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கியது. அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீடில்லாததால்தான் தெருவில் இருக்கும் பெண்ணுக்குப் பணம் தேவைப்படுகிறது, வீடில்லாததால்தான் பணம் வராது. கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகையும் முதியோர் உதவித்தொகையும் இதே வளையத்தில்தான் சிக்கியிருக்கின்றன.

இந்த வளையத்தை அறுக்க ஒரு கத்தரிக்கோல் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்கிறார்கள். நகராட்சி ஒரு படுக்கை தந்தால் அதுவே முகவரி. முகவரி வந்தால் ஆதார், வங்கிக் கணக்கு, கார்டு, தொகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

படுக்கைக்கும் கணக்கு இருக்கிறது. நகர்ப்புற மக்கள்தொகையில் லட்சத்துக்கு 100 பேர் தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரின் மக்கள்தொகை சுமார் 1.73 லட்சம், சிதம்பரம் சுமார் 62 ஆயிரம். அந்த அளவின்படி கடலூரில் சுமார் 170 பேருக்கும் சிதம்பரத்தில் 60 பேருக்கும் இடம் வேண்டும். அதில் பெண்களுக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள். வார்டு உறுப்பினரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: நம் ஊரில் எத்தனை?

திறந்து பார்த்தவர்கள்

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். பத்மஸ்ரீ பெற்றவர். குடித்தவரோடு சேர்த்து அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்பது அங்கே அடிப்படைப் பாடம். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, ஊராரையும் உடன் வைத்துக்கொண்டு சிகிச்சை தந்தார்கள். சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குடி ஒன்றும் தூர தேசமில்லை. அப்படி ஒரு முகாமைப் பெண்களுக்கென்று, குழந்தையோடு வந்து தங்கும்படி இங்கே நடத்தலாம்.

1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேனியன்', தெருவில் தவித்த மனநோயாளிப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. பெரிய இல்லத்திலேயே அவர்கள் ஆயுளைக் கழிக்க வேண்டாம் என்று பிறகு சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நான்கைந்து பெண்கள் ஒரு குடும்பம்போல வாழ வழிசெய்தது. சந்தைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள், பக்கத்து வீட்டில் காபிப் பொடி கடன் வாங்குவார்கள்.

பேரழிவு இந்த மாவட்டத்துக்கே சொல்லித்தந்த பாடமும் ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியும்படி அரசு செய்தது. பட்டாவில் தன் பெயர் இருக்கும் மனைவியை நள்ளிரவில் வெளியே தள்ளுவது அத்தனை எளிதல்ல. வீதிக்கு வந்தபின் மீட்பதைவிட, வராமல் தடுக்க அந்த ஒரு கையெழுத்து மலிவான வழி.

நாளைக்கே சிதம்பரத்தில் அப்படி ஒரு கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடித்திருந்தாலும் உள்ளே விடும் கதவு. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு படுக்கை, பிறகு மற்ற கேள்விகள். வருகிற பெண் முதல் வாரம் தையல் வகுப்புக்கு வரமாட்டார். கவுன்சலிங்கில் வாய் திறக்கமாட்டார். பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, காலை நீட்டி, பல வருடத் தூக்கத்தைத் தூங்குவார். பொறுப்பாளர் அதைப் பதிவேட்டில் 'சோம்பல்' என்று எழுதாமல் இருக்க வேண்டும். சிகிச்சை அந்தத் தூக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது.