புதுக் காரில் ‘பேட்டரி குறைவு’: குற்றவாளி பேட்டரியா?

பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டிவந்த வண்டி. பானெட்டில் வைத்த சந்தனப் பொட்டுகூட இன்னும் அழியவில்லை. இரண்டே வாரத்தில் ஒரு நாள் காலையில், பேட்டரியில் சார்ஜ் குறைவு, எஞ்சினை ஓடவிடவும் என்று திரையில் எழுத்து வருகிறது. வாங்கியவருக்கு முதலில் தோன்றுவது, பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம். ஷோரூமுக்குப் போன் போட்டால், ‘ஒண்ணும் இல்லை சார், ரெண்டு நாள் நல்லா ஓட்டுங்க, சரியாயிடும்’ என்று பதில் வருகிறது. இந்தச் சந்தேகமும் பெரும்பாலும் தவறு, அந்தச் சமாதானமும் பெரும்பாலும் தவறு. வண்டி சொல்வது வரவு செலவுக் கணக்கு. பேட்டரிக்குள் போனதைவிட வெளியே வந்தது அதிகம் என்கிறது. அந்தக் கணக்கை நேர்செய்தால் பேட்டரி பிழைக்கும். ‘தானாகச் சரியாகும்’ என்று விட்டால், நன்றாக இருந்த பேட்டரியும் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது வேறு சங்கதி. ஆல்டர்நேட்டர் மின்சாரம் தரவில்லை, பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது இணைப்பு விட்டிருக்கலாம் என்று பொருள். அப்போது ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி உதவிக்கு அழைக்க வேண்டும். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போதோ, காலையில் கதவைத் திறந்ததுமோ திரையில் எழுத்தாக வரும் செய்தியைப் பற்றித்தான் பேச்சு. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியுள்ள வண்டிகளில் அந்த வசதி பல நாளாக வேலை செய்யாமல் இருந்தால், அதையும் இதே செய்தியின் முதல் வரி என்று எடுத்துக்கொள்ளலாம். சார்ஜ் குறைந்ததும் வண்டி முதலில் கைவிடுவது அதைத்தான்.

செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு விதமாக வருகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு வினாடிதான் இழுக்கிறது. ஒருமுறை ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு சுமார் 0.1 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது சில்லறைக் காசு. உண்மையான செலவு, பூட்டிவிட்டுப் போன பிறகு நடக்கிறது. சாவியின் ரேடியோ அலைக்காகக் காத்திருக்கும் பூட்டு, திருட்டு அலாரம், கடிகாரம், எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 2019-இல் ஹூண்டாய் வென்யூ போன்ற வண்டிகளோடு இங்கே பரவத் தொடங்கிய, போனிலிருந்தே வண்டியை நோட்டம் விடும் வசதிக்கும் அந்தப் பந்தியில் ஓர் இலை உண்டு. பழுதில்லாத வண்டியில் இந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. முழுதாக நிரம்பிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி 24 நாளில் பாதியாகிவிடும். பாதிக்குக் கீழே போன பேட்டரியை நம்பி வெளியூர் கிளம்ப முடியாது.

இந்தக் கணக்கை ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாக்யார்டுக்குக் கொண்டுபோனால்தான் புது வண்டியின் மர்மம் விளங்கும். ‘புது வண்டி’ என்பது நமக்குத்தான் புதிது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ தயாராகி வெளியே வந்த வண்டி, டிரெய்லரிலோ ரயிலிலோ ஏறி, எங்கோ ஒரு திறந்தவெளி யார்டில் வரிசையில் நிற்கிறது. செப்டம்பர் 2024 நிலவரமாக, நாட்டின் வாகன விற்பனையாளர்கள் கூட்டமைப்பான ஃபாடா, டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கு உரிய கார்கள் தேங்கிக் கிடப்பதாகச் சொன்னது. அப்படித் தேங்கும் ஒரு வண்டி 80 நாள் நின்றால், நாளுக்கு 0.72 வீதம் 57 ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகியிருக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவே 35! வெயிலில் பேட்டரி தானாகவே இழப்பது இதில் சேரவில்லை. பொறுப்பான யார்டுகளில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பார்கள், அல்லது மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுவார்கள். சில நிறுவனங்கள் நீண்ட நாள் நிறுத்தும்போது இந்தக் கசிவைத் துண்டிப்பதற்காகவே ஃபியூஸ் பெட்டியில் ஒரு சுவிட்ச் வைத்துத் தருகின்றன. யாரும் அதைத் தொடவில்லை என்றால், டெலிவரி நாளன்று காலையில் ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, ரிப்பன் கட்டி, சாவியை நீட்டுவார்கள். சாவி கைக்கு வரும்போதே பேட்டரி அரைப்பட்டினி.

வீட்டுக்கு வந்த பிறகாவது அதன் வயிறு நிறைகிறதா? பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், காய்கறிக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் நிறையாது. நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்நேட்டர் தருவது குறைவு. அதிலும் ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு. முக்கால் வயிறு வரை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசிக் கால்பங்கைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல மணிக்கணக்கில் ஊட்ட வேண்டும். போதாக்குறைக்கு, இன்றைய பல வண்டிகளில் ஆல்டர்நேட்டரைக் கணினிதான் ஆள்கிறது. வண்டி வேகமெடுக்கும்போது எஞ்சினின் சுமையைக் குறைக்கச் சார்ஜைத் தளர்த்தும், பிரேக் பிடிக்கும்போது அள்ளிக்கொடுக்கும். அப்படி அள்ளிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவே பேட்டரியை முழுதாக நிரப்பாமல் 80 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும். கார் நிறுவனங்களின் சராசரிக் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு 2017-18-இல் வந்த வரம்பு 2022-23-இல் கிலோமீட்டருக்கு 113 கிராமாக இறுகிய பிறகு, எரிபொருளில் ஒவ்வொரு சொட்டும் நிறுவனங்களுக்குப் பெரிதாகிவிட்டது. நமக்குக் கிடைக்கும் மைலேஜில் ஒரு துளி, பேட்டரியின் கையிருப்பிலிருந்து எடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

‘அம்பாசடர் காலத்தில் இந்தத் தலைவலி இருந்ததா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரி டவுன் ஆவது அன்றும் உண்டு. எச்சரிக்கைதான் இல்லை. அதைவிட முக்கியம், நாலு பேர் சேர்ந்து தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி கிளம்பிவிடும். கார்புரேட்டர் வண்டிக்குக் கணினியும் இல்லை, மின்சாரப் பெட்ரோல் பம்ப்பும் தேவையில்லை. இன்றைய ஆட்டோமேட்டிக் வண்டியைத் தெருவே கூடித் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. மின் அழுத்தம் குறைந்தால் ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஏர்பேக் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் சேர்ந்து எரிந்து, ஏதோ பெரிய பழுது என்ற கிலியையும் கிளப்பும். அந்த நிலைக்குப் போகுமுன் வண்டி வாய்திறந்து சொல்வது நல்லதுதானே. பேட்டரி இன்று பலவீனமாகிவிட்டது என்பதை விட, நாம் அதன்மேல் ஏற்றிய சுமை கூடிவிட்டது என்பதே பொருத்தம்.

அப்படியானால் ஷோரூம்காரர் சொல்வதுபோல் ஓட்டினால் போதாதா? போதாது என்பதற்கு வேதியியலே சாட்சி. சார்ஜ் இறங்கும்போது பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அரைகுறையாக விட்டால் படிகங்கள் பெருத்து இறுகி, பிறகு எத்தனை ஏற்றினாலும் கரையாமல் நின்றுவிடும். அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடுகிறது. சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். மே மாதச் சென்னையில் பானெட்டுக்கு அடியில் என்ன வெக்கை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் எச்சரிக்கைக்கும் நிரந்தரச் சேதத்துக்கும் நடுவே இருக்கும் சில வாரங்கள்தான் முக்கியம். அந்த வாரங்களை ‘ரெண்டு நாள் ஓட்டுங்க’ என்ற ஆறுதலில் கழித்துவிட்டு, எட்டாவது மாதம் பேட்டரி படுத்ததும் ‘நீங்க சரியா ஓட்டலை’ என்று வாடிக்கையாளர்மேல் பழி போடுவது நியாயமில்லை.

தினமும் கால்மணி நேரம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கமும் பலருக்கு உண்டு. 2020 ஊரடங்கின்போது கார் நிறுவனங்களே இதுபோன்ற ஆலோசனைகளைச் சொல்லின என்று வாதிடலாம். இருக்கும் சார்ஜ் மேலும் இறங்காமல் தாங்கிப் பிடிக்கச் சொன்ன யோசனை அது. இறங்கிவிட்ட பேட்டரியை நிரப்ப அது உதவாது. பெட்ரோல்தான் வீண். நிரப்புவதற்கு வழி ஒன்றுதான்: வெளிச் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவது. 4 ஆம்பியர் சார்ஜர் என்றால் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பத்து மணி நேரம்வரை பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் செய்யச் சொல்லலாம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவது அதற்குப் பிறகு கணக்கைச் சமன் வைத்திருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால், வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். கடிகாரத்தையும் ரேடியோவையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் எச்சரிக்கை வந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அளவு உண்டு, ஊகம் வேண்டாம். வண்டியை இரவு முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு, காலையில் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் சுமார் முக்கால், 12.2 என்றால் பாதி. ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் அது பொய்க்கணக்கு. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. கணினி ஆளும் வண்டிகளில் இது ஏறி இறங்குவது இயல்பு. சார்ஜ் நிரம்பிய பேட்டரி லோடு டெஸ்டில் தோற்றால் அது பழுதுதான், மாற்றித் தர வேண்டியதுதான். பேட்டரி தேறி, பூட்டிய வண்டியில் கசிவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் திருடன் வேறெங்கோ இருக்கிறான். பெரும்பாலும் அவன் வெளியில் வாங்கிப் பொருத்திய டேஷ்கேமிலோ, டிராக்கரிலோ, டிக்கி விளக்கிலோ ஒளிந்திருப்பான். ஒயரை வெட்டிப் பொருத்திய ஆக்சஸரியைக் காட்டி வாரண்டியை மறுப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேட்டரியை மாற்றும்போதும் ஒரு கவனம் தேவை. தானாக நின்று கிளம்பும் வண்டிக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைதான் போட வேண்டும். மலிவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

எச்சரிக்கை வெறும் வரவு செலவுக் கணக்கு என்பதற்கு விதிவிலக்கே இல்லையா? உண்டு. வண்டியின் வடிவமைப்பிலேயே பிழை இருக்கும் சந்தர்ப்பம். மின்சாரக் கார்களிலும் கதவையும் கணினியையும் இயக்க 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அது செத்தால், கீழே இருக்கும் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் வண்டி அசையாது. அந்தச் சிறிய பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் பாகத்தில் கோளாறு என்று ஹூண்டாய் 2024-இல் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் வந்த எச்சரிக்கையை ஓட்டும் பழக்கத்தின்மேல் போட்டிருந்தால் அநியாயமாக இருந்திருக்கும். அதனால்தான் சார்ஜ் செய், அள, எழுதி வாங்கு என்கிறேன். உங்கள் வண்டியின் எண் எந்தத் திரும்ப அழைப்பிலாவது இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

‘பத்து லட்சம் கொடுத்து வாங்கியவன் மல்டிமீட்டரும் கையுமாக நிற்க வேண்டுமா?’ என்பது நியாயமான கோபம். இதில் நான் வாங்கியவர் பக்கம்தான். வாரக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியின் பேட்டரியை நிரப்பித் தருவது விற்பவரின் வேலை. ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். பேட்டரியும் டயரும் பெரும்பாலும் காரின் வாரண்டியில் அடங்காது, அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டியில் வரும். இரண்டு கவுன்டர்களுக்கும் நடுவே பந்தாடப்படாமல் இருக்க, முதல் எச்சரிக்கை வந்த நாளிலேயே திரையைப் படம் எடுத்து, புகாரை ஜாப் கார்டில் எழுதவைத்து, டெஸ்ட் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்னும் வண்டி எடுக்காதவர்கள், டெலிவரிக்கு முதல் நாளே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6-க்குக் குறைவாக இருந்தால், மாலையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.