எக்செல்லில் ஒரு பாக்டீரியா அலை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல்லை வீட்டுச் செலவுக் கணக்கு போடத்தான் பயன்படுத்துவோம். அதே எக்செல்லில் பாக்டீரியாக் கூட்டம் அலையாகப் பரவுவதையும் பார்க்கலாம், தெரியுமா?

1966-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் அட்லர், உணவுக் கரைசல் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ஈ.கோலை பாக்டீரியாவை விட்டார். அவை பட்டைகளாகத் திரண்டு நகர்ந்தன. வெறும் கண்ணுக்கே அது தெரிந்தது. இருந்த இடத்து உணவைத் தின்றுவிட்டு, உணவு அதிகமுள்ள பக்கம் போவதே காரணம். 1971-ல் ஈவ்லின் கெல்லர், லீ சீகல் இருவரும் இதைச் சமன்பாடுகளாக எழுதினர். பாக்டீரியாவுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று.

நாம் அதைவிட எளிதான ஒன்றைச் செய்வோம். மரபணு பரவுவதை விளக்க 1937-ல் ரொனால்ட் ஃபிஷர் தந்த சமன்பாடு இது. இதில் பரவுதல், பெருகுதல் இரண்டு மட்டுமே உண்டு. எனவே பட்டை வராது. கூட்டத்தின் விளிம்பு முன்னேறுவது தெரியும்.

1. முதல் வரிசையில் 21 செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 11-வதில் 1, மற்றவற்றில் 0 இடுங்கள்.

2. இரண்டாம் வரிசையின் 2-வது செல்லில் சமக்குறி இட்டு இந்த ஃபார்முலாவை அமையுங்கள்: மேல் செல் + 0.2 × (மேல் இடது + மேல் வலது − 2 × மேல் செல்) + 0.3 × மேல் செல் × (1 − மேல் செல்). பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. செல்லை மவுஸால் கிளிக் செய்தால் அதன் முகவரி தானே வந்துவிடும்.

3. அதை 20-வது செல் வரையிலும், பிறகு கீழே 30 வரிசைகளுக்கும் இழுத்து காப்பி செய்யுங்கள். இரு ஓரங்களும் காலியாகவே இருக்கட்டும்.

இரண்டாம் வரிசையின் நடுவில் 0.6, இருபுறமும் 0.2 வந்தால் சரி. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 0.4-க்கு மேல் நிறம் கொடுங்கள். கீழே போகப் போக நிறம் இருபுறமும் விரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு நேரக் கட்டம்.

இப்போது 0.2-ஐ 0.8 ஆக்கி மீண்டும் காப்பி செய்யுங்கள். நடுச் செல்லில் −0.6 வரும்! பாக்டீரியா பூஜ்யத்துக்கும் கீழே குறையுமா? இருந்தது 1; இருபுறமும் 0.8 வீதம் 1.6-ஐ வெளியேற்றச் சொன்னது நாம்தான். இந்த −0.6-க்கு எக்செல் எந்த எர்ரரும் காட்டாது. கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். விடை நடக்கக்கூடியதா என்று பார்ப்பது நம் வேலை.