பேணுபவரைப் பேணுவது யார்?

பெங்களூரு ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ ஒரு வீடு. காலையில் மகனும் மருமகளும் அலுவலகத்துக்குப் புறப்பட்டபின், படுக்கையிலிருக்கும் முதியவருக்குத் துணையாக எஞ்சியிருப்பவர் ஒரு பெண். அவர் உறவினர் அல்லர், ஊதியத்துக்கு வந்தவர். மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும், புரண்டு படுக்க உதவுவதும், இரவில் இருமல் கேட்டவுடன் எழுந்து வருவதும் அவருடைய பணி. அவர் இல்லாத ஒரு நாளை அக்குடும்பத்தால் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

ஆனால் அந்தப் பெண் நோயுற்றால் என்ன ஆவது? முதுமையில் அவருக்குத் துணை எது? எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இன்னொன்று உண்டு. அவர் பேணிவந்த முதியவர் ஒருநாள் மறைந்துவிட்டால், அதே நாளில் அவருடைய வேலை, ஊதியம், பல சமயங்களில் தங்கும் இடம் ஆகிய மூன்றும் முடிவுக்கு வருகின்றன. நல்ல மனம் படைத்த குடும்பங்களிலும் இக்கேள்விகள் எழுவதில்லை. நம் வீடு ஒருவருக்குப் பணியிடம் என்பதும், நாம் ஒருவருக்கு முதலாளி என்பதும் நம் நினைவுக்கு வராததே அதற்குக் காரணம்.

சட்டம் எதுவரை துணை நிற்கிறது?

வீட்டுப் பணிக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்த முன்னோடி மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று; 2004ஆம் ஆண்டிலேயே அது அவ்வாறு செய்தது. அண்டையிலுள்ள தமிழ்நாடு, 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், குடும்பங்களில் பணிபுரிவோரையும் கூலித் தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது. பாதிக்கப்பட்ட வீட்டுப் பணியாளர் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம்.

இவை இருந்தும், வீட்டுப் பணியாளர்க்கென நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் உருவாகவில்லை. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை, இவர்களுக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதனை ஆதரித்து வாக்களித்த இந்தியா, பின்னேற்பு அளிக்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கான சட்டக் கட்டமைப்பை ஆராய வல்லுநர் குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அதே ஆண்டில் கர்நாடகத் தொழிலாளர் துறையும் பதிவு, நல வாரியம், முதலாளிகளிடமிருந்து நலக் கட்டணம் ஆகியவற்றைக் கொண்ட வரைவு ஒன்றை ஆயத்தம் செய்தது.

முகவர் நிறுவனம் வழியே வந்தவராயின்

பராமரிப்பாளர் ஒரு நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் உள்ளவரா என்பதை முதலில் கேட்டறிதல் நலம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களில், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு உரியவர். மருத்துவம், நோய்க்கால உதவி, மகப்பேற்று உதவி ஆகியவை அதன் வழியே கிட்டும். இருபது பேர் உள்ள நிறுவனமாயின் வருங்கால வைப்புநிதியும் உண்டு. நீங்கள் செலுத்தும் தொகையில் பணியாளர் கைக்குச் சேர்வது எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. அவருக்கு அது ஒரு காப்பும் ஆகும்.

அவருடனேயே செல்லும் பாதுகாப்பு

நேரடியாக அமர்த்தப்பட்டவருக்கு இவற்றுள் எதுவும் தானே வந்து சேர்வதில்லை. அடிக்கடி வீடு மாறும் பணி இது. ஆகவே முதலாளியோடு முடிந்துவிடாமல், பணியாளரோடு கூடவே செல்லும் ஏற்பாடுகளே இவருக்குப் பொருந்தும். அத்தகைய ஏற்பாடுகள் வங்கிக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன.

கணக்கு அவருடைய பெயரிலேயே இருத்தல் வேண்டும். ஜன் தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லை. மாத ஊதியம் அக்கணக்கில் வரவாகும்போது, அதுவே அவருடைய வருவாய்க்கு ஆவணமாகிறது. பின்னாளில் கடன் வேண்டும்போதும் அது துணைசெய்யும்.

அக்கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவின்கீழ் 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு கிட்டும். 18 முதல் 70 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாயில் ஜீவன் ஜோதி பீமா யோஜனா 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு அளிக்கிறது. 18 முதல் 50 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். இரண்டிலும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. ஆதலால் மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு வைத்திருக்க அவருக்கு நினைவூட்டுக.

முதுமைக்கு அடல் ஓய்வூதியத் திட்டம் உள்ளது. வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயது வரையுள்ள எவரும் இதில் சேரலாம். 30 வயதில் சேரும் பெண், 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற வேண்டுமாயின், மாதந்தோறும் 577 ரூபாய் செலுத்துதல் வேண்டும். அவருக்குப் பின் அவ்வோய்வூதியம் கணவருக்குத் தொடரும்.

இம்மூன்றையும் கூட்டினால் மாதச் செலவு 615 ரூபாய். இத்தொகையை ஊதியத்தில் பிடித்தம் செய்யாமல், ஊதியத்துக்கு மேலாக அளிப்பதே முறை. இவற்றோடு அவரை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யவும் உதவுங்கள். மாநில அரசின் நலத் திட்டங்கள், நடப்பிலுள்ள ஊதிய விகிதம் ஆகியவற்றைப் பன்னேருகட்டா சாலையிலுள்ள கார்மிக பவனில் கேட்டறியலாம்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

ஊதியம் எவ்வளவு, எந்தத் தேதியில். வேலை நேரம் எது, இரவு உறக்கத்துக்கு எத்தனை மணி. வார ஓய்வு எந்நாள், ஆண்டில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு எத்தனை நாள். பணி முடிவுக்கு வந்தால் எத்தனை நாள் ஊதியம். இவ்வளவையும் அவர் அறிந்த மொழியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். ஆதார் அட்டை முதலிய மூல ஆவணங்களை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் குறித்த வரியை மட்டும் எவரும் மறக்க வேண்டா. துயரம் சூழ்ந்த அந்த நாளில் குடும்பத்தார் வேறெதையும் எண்ணும் நிலையில் இருக்கமாட்டார்கள். குறைந்தது ஒரு மாத ஊதியம் என்று முன்னரே எழுதிவைத்திருந்தால், உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ கடைசிவரை நீர் வார்த்த கைகள் அன்று மாலை வெறுங்கையாக வாசல் கடந்து செல்லமாட்டா.